சேரின் கட்டுகள் ஹம்பேர்க் போன கதை

வெளிநாடு என்று நான் பார்த்தது ஜெர்மனி ஒன்றைத்தான். அதுவும் ஊர் பார்க்கப் போகவில்லை. முப்பது வருடங்களுக்கு முன் நான் நூல் போட்டுக் கட்டிய கடதாசிக் கட்டுகளை அவிழ்க்கும்போது பக்கத்தில் நிற்பதற்காகப் போனேன்.

கொழும்பில் ஒரு அரசாங்கக் காரியாலயத்தில் சிற்றூழியனாக இருந்தவன் நான். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அப்போதைய ஜனாதிபதிக்கு ஆலோசனை எழுதிக் கொடுக்கும் அதிகாரி ஒருவரின் அறையில் என்னைப் போட்டார்கள். அவரை நான் சேர் என்றுதான் கூப்பிட்டேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். ஆட்சி மாறியதும் சேர் ஓய்வு பெற்றார். தன்னுடைய சொந்தப் பிரதிகளை நான்கு பெட்டிகளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். வயதான காலத்தில் மகள் வதனியோடு இருக்க ஜெர்மனிக்குப் போனபோது பெட்டிகளும் கூடப் போயின. போன வருடம் சேர் காலமானார்.

ஹம்பேர்க்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகம் இப்படிப் பழைய ஆட்சிகளில் இருந்த அதிகாரிகளின் கடதாசிகளைச் சேர்க்கிறதாம். வதனி அவர்களுக்கு எழுதி, பெட்டிகளைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார். "கட்டுகளுக்கு மேலே எழுதியிருப்பவர் உயிரோடு இருக்கிறாரா? அவர் வந்து எது என்னவென்று சொன்னால் உதவியாக இருக்கும்" என்று பதில் வந்தது. மேலே எழுதியவன் நான். ஐம்பத்தேழு வயதில் என்னை ஒருவர் கையெழுத்தை வைத்துத் தேடினார் என்பதை நினைத்து விமானத்தில் இரண்டு தடவை தனியாகச் சிரித்தேன்.

வதனியின் வீடு வுப்பர்டாலில், மூன்றாம் மாடியில். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் இருந்தன. பக்கத்திலேயே ஒரு தட்டில் கறுத்த பாண் துண்டுகளும் பாலாடைக்கட்டியும். வதனியின் கணவர் ரவி பாணைத்தான் எடுத்தார்.

"அண்ணை, நான் அரை ஜெர்மன்காரன். பின்னேரம் சுடுசாப்பாடு எனக்கு இப்ப இறங்காது" என்றார்.

"விடியப் புட்டு இல்லாட்டி முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிற மற்ற அரையைப் பற்றியும் சொல்லுங்கோவன்" என்றார் வதனி.

பெட்டிகள் நான்கும் நடை வழியில் அடுக்கியிருந்தன. அடுத்த மாதம் இவர்கள் சின்ன வீடு ஒன்றுக்கு மாறப் போகிறார்கள். அங்கே பெட்டிகளுக்கு இடமில்லை. காப்பகம் எடுக்காவிட்டால், கீழே முற்றத்தில் நிற்கும் நீலத் தொட்டிக்குள் போட வேண்டியதுதான். பழைய கடதாசிக்கு என்று இங்கே தனித் தொட்டி.

"அப்பா வரேக்க அம்மாவின்ர சீலையளை விட்டிட்டு இதைத்தான் காவிக்கொண்டு வந்தவர்" என்றார் வதனி. "அம்மாவின்ர ஒரு சீலையும் எனக்கு மிஞ்சேல்லை அண்ணை. அவ்வளவுக்கு இதுக்குள்ள என்ன இருக்குதெண்டு எனக்குத் தெரிய வேணும். ஒண்டுமில்லையெண்டால்..." மிச்சத்தைச் சொல்லாமல் எழும்பிச் சொதியைச் சூடாக்கப் போனார். சொதி சூடாகத்தான் இருந்தது.

நான் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கட்டியவனுக்குத் தெரியும். சுற்றறிக்கைகள், பயண ஒழுங்குகள், அழைப்பிதழ்கள், கடிதப் பிரதிகள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொதுவாகவே எனக்கு வாய் வருவது குறைவு.

இரண்டாம் நாள் ரவி என்னைத் தொங்கு ரயிலில் ஏற்றிக் காட்டினார். ஆற்றுக்கு மேலே இரும்புக் கால்கள் நட்டு, அதில் தண்டவாளத்தைத் தலைகீழாகப் போட்டு, ரயிலைக் கீழே தொங்கவிட்டிருக்கிறார்கள். வளைவில் பெட்டி ஒரு பக்கம் சரிகிறது. ஒருவரும் பேப்பரில் இருந்து தலை தூக்கவில்லை. நான் மட்டும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

"பயமோ அண்ணை?"

"இல்லை. எங்கட பக்கம் காலமை ரயிலில ஆக்கள்தான் தொங்கிறது. இங்க ரயிலே தொங்குது. அதுதான் பார்க்கிறன்."

ரவி அதை வீட்டில் போய் வதனிக்கும், தொலைபேசியில் தன் தமையனுக்கும் சொன்னார். நான் சொன்ன ஒன்றை ஒருவர் இன்னொருவருக்கு எடுத்துச் சொல்வது எனக்குப் புதிது.

மூன்றாம் நாள் வதனியும் நானும் ஹம்பேர்க்குக்குப் புறப்பட்டோம். இரண்டு பெட்டிகளை வதனி சில்லு வைத்த தள்ளுவண்டியில் கட்டியிருந்தார். மற்ற இரண்டையும் கீழ் வீட்டுக்காரரின் பழைய குழந்தை வண்டிக்குள் வைத்து, மழைக்குப் போர்வையால் மூடி, என்னிடம் தந்தார். மேடையில் நாங்கள் ஏற வேண்டிய ரயில் பெட்டி எங்கே வருமோ அந்த இடத்திலேயே போய் நின்றோம். ரயில் வர ஒரு நிமிடம் இருக்கையில் ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. உடனே மேடையில் நின்ற அத்தனை பேரும் ஓடத் தொடங்கினார்கள். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம்.

"பெட்டியளின்ர ஒழுங்கு மாறி வருதாம்! ஓடுங்கோ அண்ணை!"

ஓடினேன். குழந்தை வண்டியோடு ஓடுகிறவனுக்கு எல்லோரும் வழி விட்டார்கள். ஒரு பெரிய மனிதர் வண்டியை முன்பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றியும் விட்டார். பாரம் தாங்காமல் அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. கதவு மூடியது. வதனி வேறு எங்கேயோ ஏறிவிட்டார்.

ஒரு வயதான அம்மா தனக்குப் பக்கத்தில் இருந்த கைப்பையை எடுத்து எனக்கு இடம் தந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு அவித்த முட்டையை நீட்டினார். சின்னக் கடதாசியில் மடித்த உப்பும் தந்தார். எங்கள் ஊரில் ரயிலில் வடை வரும், இறால் வடையின் வாசம் பெட்டி முழுவதும் நிற்கும். இங்கே ஆட்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து சத்தமில்லாமல் உரித்துச் சாப்பிடுகிறார்கள். முட்டை நன்றாக இருந்தது.

பரிசோதகர் வந்து டிக்கெட் கேட்டார். டிக்கெட் வதனியின் தொலைபேசிக்குள். நான் எழுந்து நின்று ரயிலின் முன்பக்கத்தைக் காட்டினேன், பின்பக்கத்தையும் காட்டினேன். அவர் கேள்வியை விட்டுவிட்டுக் குனிந்து மெதுவாகப் போர்வையை விலக்கினார். உள்ளே அட்டைப் பெட்டி. அவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த நேரம் வதனி பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் போகும்போது பரிசோதகர் ஏதோ சொல்ல, வயதான அம்மா தோள் குலுங்கச் சிரித்தார்.

"என்ன சொல்லுறார்?"

"உங்கட பிள்ளை நல்ல அமைதியாம்."

காப்பகத்தில் எங்களைச் சந்தித்தவர் ஃப்ராவ் ஹார்ட்விக் என்ற அம்மா. ஃப்ராவ் என்றால் திருமதியாம். என் வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். முதலில் கை கழுவச் சொன்னார். பேனாவை வெளியே வைக்கச் சொல்லி ஆளுக்கொரு பென்சில் தந்தார். மை பட்டால் போகாதாம். ஜெர்மன் மொழியில் அவர் பேச, வதனி எனக்குத் தமிழில் சொன்னார்.

நான் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். முப்பது வருடமாகியும் நூல் இற்றுப் போகவில்லை. ஃப்ராவ் ஹார்ட்விக் ஒவ்வொரு கட்டையும் புரட்டிப் பார்த்தார். முதல் பெட்டிக்குக் கன நேரம் எடுத்தார். இரண்டாவதற்குக் குறைய. மூன்றாவது பெட்டியின் நடுவில் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதின்ர மூலப் பிரதியள் எல்லாம் கொழும்பில அரசாங்கத்திட்ட இருக்குமாம்" என்று வதனி மெதுவாகச் சொன்னார். "பிரதியளை இவை வைச்சிருக்கிறேல்லையாம். மன்னிக்கச் சொல்லுறா."

வதனி கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். நான் குற்றவாளி மாதிரி நூல்களைச் சேர்த்துப் பந்தாகச் சுற்றினேன். அவற்றைக் கட்டியவன் நானே அல்லவா. ஃப்ராவ் ஹார்ட்விக்கும் சங்கடப்பட்டு, கட்டுகளைத் திரும்ப மேலுறைகளால் சுற்றத் தொடங்கினார். ஒரு மேலுறையை விரித்துப் பிடித்தவர் அப்படியே நின்றார். கண்ணாடியைத் திரும்பப் போட்டார். இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று.

"இந்த மேலுறைகளை யார் போட்டது?"

"நான்தான்" என்றேன்.

இதை இங்கே விளக்கிச் சொல்லவேண்டும். சேர் எதையும் முதலில் தன் கையாலேயே எழுதுவார். எழுதி, வெட்டி, திரும்ப எழுதுவார். கடைசி வடிவம் தட்டச்சுக்குப் போனதும் கையெழுத்துத் தாளை என்னிடம் தந்து, "குணம், இதை எரிச்சுப் போடும்" என்பார். காரியாலயத்தின் பின்னால் அதற்கென்று ஒரு தகர பீப்பா இருந்தது. ஆனால் கட்டுகளுக்கு மேலே சுற்ற எனக்குத் தருகிற பழுப்பு நிறக் கடதாசி வருட நடுவிலேயே முடிந்துவிடும். கேட்டால், போன முறை தந்தது எங்கே என்று கணக்குக் கேட்பார்கள். கேட்க எனக்குக் கூச்சம். சேரின் தாளோ நீளமான, தடித்த, நல்ல தாள். ஒரு பக்கம் வெறுமை. எழுதிய பக்கத்தை உள்ளே மடித்து, வெறும் பக்கத்தில் "சுற்றறிக்கைகள்" என்று எழுதிச் சுற்றிவிட்டேன். ஒன்று, இரண்டு என்று தொடங்கியது நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டது. எனக்கு அந்த ஆங்கிலம் விளங்காது. எனக்கு அது தாள், அவ்வளவுதான்.

ஃப்ராவ் ஹார்ட்விக் ஒன்றை வாசித்துக் காட்டினார். ஜனாதிபதிக்குப் போய்க் கொழும்புக் கோப்பில் இருக்கும் கடிதம், இந்த விடயத்தை உரிய காலத்தில் கவனிக்கலாம் என்று பணிவாக முடிகிறது. அந்தப் பிரதி எங்கள் கட்டுக்குள்ளேயே இருந்தது. மேலுறையில், அதே கடிதத்தின் முதல் வடிவத்தில், சேர் எழுதி வெட்டியிருந்த வரி: "இதைச் செய்தீர்களானால் அந்த மக்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள். நானும்தான்."

வதனி அந்தத் தாளை வாங்கி, வெட்டிய வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

"இந்த நாற்பத்தொண்டும் தங்களுக்கு வேணுமாம் அண்ணை" என்று கடைசியில் சொன்னார். "கட்டுகளும் கூட வரட்டுமாம். ஒப்பிட்டுப் பார்க்கலாமாம்."

அப்போதுதான் நான் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. "தங்கச்சி, சேர் இதுகளை எரிக்கச் சொன்னவர். நான் எரிக்கேல்லை."

ஃப்ராவ் ஹார்ட்விக் பென்சிலை வைத்துவிட்டார். அப்படியானால் மகள் யோசித்து முடிவெடுக்கட்டும், நாளை வாருங்கள் என்றார்.

பின்னேரம் துறைமுகத்தில் நடந்தோம். பெரிய கப்பல்கள் வீட்டு வாசலில் நிற்கிற பேருந்து மாதிரி நின்றன. வதனி மீன் பணிஸ் வாங்கித் தந்தார், சின்ன வட்டப் பாணுக்கு நடுவில் மீன் வைத்தது. உப்பிலும் புளியிலும் ஊறிய மீன், மேலே பச்சை வெங்காயம். அடுப்பையே காணாத மீன் என்று தெரிந்தபோது பாதி உள்ளே போய்விட்டது. மிச்சத்தையும் சாப்பிட்டேன். ஒரு பச்சை மிளகாய் இருந்திருந்தால் இன்னொன்று கேட்டிருப்பேன்.

"நீங்கள் எரிக்கேல்லை எண்டு அப்பாவுக்குத் தெரியுமோ?" என்று வதனி கேட்டார்.

"தெரியாது. ஓய்வு பெற்ற நாள் பெட்டியில அடுக்கேக்க ஒரு கட்டைத் தடவிப் பார்த்தவர். 'நல்ல தடிப்பான தாள், குணம்' எண்டவர். வேற ஒண்டும் சொல்லேல்லை."

வதனி ஒரு கடற்பறவைக்குப் பாண் துண்டு எறிந்தார். பத்துப் பறவைகள் வந்தன. "அப்பாக்குத் தன்ர தாளைத் தெரியாமலோ!" என்றார். "குடுப்பம் அண்ணை. அம்மாவும் இதுக்கெண்டால் சீலையை விட்டிருப்பா."

நான்காம் நாள் காலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கப் போனோம். ஃப்ராவ் ஹார்ட்விக் நாற்பத்தொரு தாளையும் வரிசைப்படுத்தியிருந்தார். ஒன்றை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார். அதில் உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறதாம். இந்த நாட்டுச் சட்டப்படி அந்த ஆள் சம்மதிக்காமல் யாருக்கும் காட்டக் கூடாதாம். பிறகு என் பக்கம் திரும்பி, துண்டு துண்டாக, "குண-ரட்-ணம்?" என்று கேட்டார்.

வதனி தாளை எடுத்து வாசித்தார். முகம் மாறியது. "இது வேண்டாம் அண்ணை. மூடி வைக்கச் சொல்லுவம்."

"வாசியுங்கோ தங்கச்சி."

மீன்பிடித் துறை ஒன்றைப் பற்றிய கோப்புக் காணாமல் போய்விட்டது. அதற்குப் பொறுப்பு சிற்றூழியன் குணரட்ணம். கவனமில்லாதவன். இந்த அறை வேலைக்கு ஏற்றவனல்ல. அவனை வேலையிலிருந்து நிறுத்தும்படி சிபாரிசு செய்கிறேன். முழுத் தாளுக்கும் குறுக்கே ஒரே கோடு போட்டு வெட்டியிருந்தது.

அந்தக் கோப்பைத் தேடிய மூன்று நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. தேடாத இடமில்லை. மூன்றாம் நாள் சேர் குடை எடுத்துவர என்னைக் காருக்கு அனுப்பினார். பின்சீட்டில் பழைய பேப்பர்களுக்குக் கீழே கோப்பு இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அங்கேயே மறந்திருக்கிறார். அதைக் கொண்டுபோய் எல்லோருக்கும் முன்னால் நீட்டினால் சேருக்கு என்ன மாதிரி இருக்கும்? சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, கோப்புகள் அடுக்கும் ராக்கையில் அதன் இடத்தில் செருகிவிட்டேன். எங்கே இருந்தது என்று சேர் கேட்டபோது, "ராக்கையிலதான் இருந்திருக்கு சேர், என்ர கண்ணுக்குத்தான் தெரியேல்லை" என்றேன்.

நான் அவருடைய முகத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ என்னைக் கவனமில்லாதவன் என்று முடிவு கட்டி, அப்படி இருந்தும் என்னைப் போகவிடாமல் தாளை வெட்டி, எரிக்கச் சொல்லி என் கையிலேயே தந்திருக்கிறார். அதைக் கொண்டு நான் அழைப்பிதழ்களைச் சுற்றியிருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மூக்கும் அடைத்தது. விடயத்தைச் சொன்னேன். வதனி ஃப்ராவ் ஹார்ட்விக்குக்குச் சொன்னார். அவர் மூன்று வழி இருப்பதாகச் சொன்னார். நான் சாகும்வரை தாளை மூடி வைக்கலாம். அப்படியே திறந்து விடலாம். அல்லது என் பக்கத்தை ஒரு தனித் தாளில் எழுதிக் கொடுக்கலாம், இதோடு சேர்த்து வைப்பார்கள்.

"மூடினால் ஒருதருக்கும் கரைச்சல் இல்லை" என்றேன். "எழுதினால் சேரின்ர பிழை வெளியில வரும்."

"வரட்டுமே!" என்றார் வதனி. "தலையில கண்ணாடியை வைச்சுக்கொண்டு வீடு முழுக்கத் தேடின மனுசன் அவர். அது எங்கட வீட்டில பூனைக்கும் தெரியும். உங்களைக் கவனமில்லாதவர் எண்டு வாசிக்கிற ஆக்கள் அப்படியே நம்பிக்கொண்டு போகட்டோ? எழுதுங்கோ அண்ணை. தமிழில எழுதுங்கோ."

ஒரு தாளும் பென்சிலும் தந்தார்கள். என் வாழ்க்கையில் நான் எழுதியதெல்லாம் கட்டுகளின் மேல் ஒரு சொல், இரண்டு சொல். நான்கு வரிக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. "கோப்பை நான் தொலைக்கவில்லை. சேர்தான் மறந்துபோய்க் காரில் விட்டார். நான் எடுத்து வைத்தேன். சொல்லவில்லை." கையெழுத்துப் போட்டேன். வதனி மொழிபெயர்த்துச் சொன்னார். இதை இனி யார் வாசிக்கலாம் என்று கேட்டேன். யார் வந்து கேட்டாலும் கொடுப்பார்களாம்.

யார் வந்தாலும் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது வரி கொஞ்சம் காரமாக இருந்தது. இன்னொரு தாள் கேட்டு வாங்கினேன். "கோப்பு சேரின் காரில் இருந்தது. வேலை மிகுதியில் யாருக்கும் நடக்கக்கூடியது. அதை எடுத்து ராக்கையில் வைத்தவன் நான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்" என்று, எழுத்தையும் உருட்டி வடிவாக எழுதினேன். ஃப்ராவ் ஹார்ட்விக் அதை வாங்கி, மூலையில் பென்சிலால் ஒரு இலக்கம் போட்டு, சேரின் தாளுக்கு மேலே வைத்தார்.

முதல் தாளை நான் நான்காக மடித்து, கிழித்துப் போட இடம் தேடினேன். நிமிர்ந்தபோது ஃப்ராவ் ஹார்ட்விக் அந்த முதல் வடிவத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். வதனி மொழிபெயர்க்கவில்லை, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மடிப்பை நீவி நேராக்கி, கொடுத்துவிட்டேன்.